போப் பிரான்சிஸும் கார்ல் மார்க்ஸும்: சுரண்டப்படுபவரும் தூக்கி எறியப்படுபவரும்

2013 நவம்பரில், பதவியேற்று ஒன்பது மாதம்கூட நிறையாத நிலையில் போப் பிரான்சிஸ் ஒரு நீண்ட மடலை வெளியிட்டார். ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ என்று பெயர். அதில் பெரும்பகுதி திருச்சபை தனக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயங்கள்தான்: மறையுரை எப்படி இருக்க வேண்டும், பங்கு ஆலயங்கள் எப்படி மக்களைத் தேடிப் போக வேண்டும் என்பது போல. இடையில் சில பக்கங்கள் பொருளாதாரத்தைப் பற்றி இருந்தன. உலகம் பிடித்துக்கொண்டது அந்தச் சில பக்கங்களைத்தான். வீடில்லாத முதியவர் ஒருவர் குளிரில் விறைத்துச் செத்தால் செய்தியாவதில்லை, பங்குச் சந்தை இரண்டு புள்ளி இறங்கினால் செய்தியாகிறதே, இது எப்படி என்று கேட்டிருந்தார். இப்படிப்பட்ட பொருளாதாரம் கொல்கிறது என்று எழுதியிருந்தார். மேலே செல்வம் பெருகினால் அது தானாகவே கீழே கசிந்து ஏழைக்கும் வந்து சேரும் என்ற வாதம் நடப்பில் ஒருபோதும் மெய்ப்படவில்லை என்றும் சொல்லியிருந்தார்.

அமெரிக்க வலதுசாரி வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா, போப்பின் வாயிலிருந்து வருவது அப்பட்டமான மார்க்சியம் என்றார். அடுத்த மாதமே இத்தாலியின் ‘லா ஸ்தாம்பா’ நாளிதழ் இதைப் பற்றிப் பிரான்சிஸிடம் கேட்டது. மார்க்சியச் சித்தாந்தம் தவறானது, ஆனால் என் வாழ்க்கையில் நல்ல மனிதர்களான மார்க்சியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன், அதனால் இது என்னைப் புண்படுத்தவில்லை என்று பதில் சொன்னார்.

பதிலின் இந்தப் பின்பாதி பேச்சுக்காகச் சொன்னது கிடையாது. இயேசு சபையில் சேருவதற்கு முன், ஹோர்ஹே மரியோ பெர்கோலியோ என்ற இளைஞராக அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் ஐரிஸில் ஒரு வேதியியல் ஆய்வகத்தில் அவர் வேலை பார்த்தார். அங்கே அவருடைய மேலதிகாரி எஸ்தர் பாயெஸ்த்ரினோ தே கரேயாகா. பராகுவேயிலிருந்து அடைக்கலம் தேடி வந்தவர். கம்யூனிஸ்ட் என்றே பிரான்சிஸ் அவரை நினைவுகூர்ந்தார். ஒருமுறை ஒரு சோதனையைச் செய்யாமலே, முந்தைய முடிவுகளை வைத்து ஊகித்து எழுதிக் கொடுத்திருக்கிறார் பெர்கோலியோ. எஸ்தர் அதைக் கண்டுபிடித்து, வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று கண்டித்தாராம். அரசியலைப் பற்றி யோசிக்கவும் அவரே கற்றுக்கொடுத்தார் என்று பிரான்சிஸ் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். பிற்பாடு ராணுவ ஆட்சி வந்தது. எஸ்தர் தன் வீட்டிலிருந்த மார்க்சியப் புத்தகங்களை ஒளித்து வைக்க இதே பெர்கோலியோவைத்தான் நாடினார். அப்போது அவர் அர்ஜென்டினா இயேசு சபையின் மாநிலத் தலைவர். காணாமல் போன பிள்ளைகளுக்காகத் திரண்ட பிளாசா தே மாயோ தாய்மார்களின் அமைப்பைத் தொடங்கியவர்களில் எஸ்தரும் ஒருவர். 1977 டிசம்பரில் அவரைக் கடத்திச் சென்று, விமானத்திலிருந்து கடலில் வீசிக் கொன்றார்கள். 2005இல் எலும்புகள் அடையாளம் காணப்பட்டபோது, புவெனஸ் ஐரிஸின் சாந்தா குரூஸ் ஆலயத்தில் அடக்கம் செய்ய அனுமதி கொடுத்தவர் பேராயர் பெர்கோலியோ.

ஆக, அவருக்கு மார்க்சியர்கள் அந்நியர்கள் அல்லர். ஆனாலும் அவர் மார்க்சியர் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ள, அவருடைய கருத்து எவ்வளவு சிவப்பு என்று அளந்து பார்ப்பதில் பயனில்லை. முதலாளித்துவத்தைப் பார்க்கும்போது அவர் கண் முதலில் யார் மேல் போய் நிற்கிறது, மார்க்ஸின் கண் யார் மேல் போய் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மற்ற வேறுபாடுகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து.

அதற்கு முன் திருச்சபையின் பழைய கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். முதலாளித்துவத்தைச் சாடும் போப்புக்கு மார்க்சியர் பட்டம் கட்டுவது பிரான்சிஸோடு தொடங்கியதில்லை. 1967இல் போப் ஆறாம் பவுல், தனிச்சொத்துரிமை யாருக்கும் முழுமுதலான உரிமை ஆகாது என்று சுற்றுமடல் எழுதியபோது, பழைய மார்க்சியத்தைச் சூடேற்றிப் பரிமாறுகிறார் என்றது வால் ஸ்ட்ரீட் ஜர்னல். ஆறாம் பவுல் அங்கே மேற்கோள் காட்டியிருந்தது 4ஆம் நூற்றாண்டு மிலான் ஆயர் அம்புரோசை: ஏழைக்கு நீ கொடுப்பது உன்னுடையது அல்ல, அவனுடையதைத்தான் அவனுக்குத் திருப்பித் தருகிறாய். அதைவிடப் பழையது பைபிளின் திருத்தூதர் பணிகள் நூல் காட்டும் காட்சி. தொடக்கக் கால நம்பிக்கையாளர்கள் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் பொதுவில் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ‘ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப’ என்று மார்க்ஸ் 1875இல் கம்யூனிசச் சமுதாயத்தைப் பற்றி எழுதியபோது, படித்த ஐரோப்பியர் எவருக்கும் அந்தப் பழைய வரி காதில் விழாமல் இருந்திருக்காது.

இன்னொரு பக்கம், கம்யூனிசத்தைத் திருச்சபை எதிர்த்ததும் சாதாரண எதிர்ப்பு கிடையாது. நல்ல கத்தோலிக்கராகவும் உண்மையான சோசலிஸ்டாகவும் ஒரே நேரத்தில் யாரும் இருக்க முடியாது என்று 1931இல் எழுதினார் 11ஆம் பயஸ். கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்புகிறவர்களைச் சபைநீக்கம் செய்யும் ஆணை 1949இல் வந்தது.

சொத்து விஷயத்தில் திருச்சபை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது கவனிக்க வேண்டிய ஒன்று. கத்தோலிக்கச் சமூகப் போதனைக்கு அடித்தளம் போட்டது 1891இல் 13ஆம் லியோ எழுதிய ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடல். ஒரு சில பெரும் பணக்காரர்கள் உழைக்கும் ஏழைகளின் கழுத்தில் அடிமை நுகத்துக்கு இணையான ஒன்றை மாட்டியிருக்கிறார்கள் என்று அது சொன்னது. தொழிலாளி வாழப் போதுமான கூலி, சங்கம் அமைக்கும் உரிமை இரண்டையும் வலியுறுத்தியது. அதே மூச்சில் சோசலிசத்தை நிராகரித்தது. மக்களின் நிலையை உயர்த்த நினைப்பவர்கள் முதல் அடிப்படையாகக் கொள்ள வேண்டியது தனிச்சொத்து மீற முடியாதது என்பதைத்தான் என்றது. 2015இல் பிரான்சிஸ் ‘லௌதாத்தோ சி’ சுற்றுமடலில் எழுதுகிறார்: கிறிஸ்தவ மரபு தனிச்சொத்துரிமையை முழுமுதலானதாகவோ மீற முடியாததாகவோ ஒருபோதும் ஏற்றதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், இரண்டும் ஒன்றுதான் என்று சாதிப்பது கஷ்டம். இடையில் இரண்டாம் யோவான் பவுல், ஒவ்வொரு சொத்தின் மீதும் ஒரு சமூக அடமானம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். 2020இல் வந்த ‘ஃபிராத்தெல்லி தூத்தி’யில் பிரான்சிஸ் ஒரு படி மேலே போய், உலகின் பொருள்கள் எல்லோருக்கும் உரியவை என்பதுதான் முதல் விதி, தனிச்சொத்து அதிலிருந்து பிறக்கும் இரண்டாம் நிலை உரிமை என்று வரிசைப்படுத்தினார்.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் மார்க்ஸோடு கை கோத்துவிட்டதாகச் சொல்ல முடியாது. தனிச்சொத்தை ஒழிப்பது என்று மார்க்ஸும் எங்கெல்ஸும் 1848இல் அறிவித்தபோது, ஒருவர் குடியிருக்கும் வீட்டையோ உடுத்தும் துணியையோ சொல்லவில்லை. ஆலை, சுரங்கம், நிலம் போன்ற உற்பத்திச் சாதனங்கள் சிலர் கையில் இருப்பதால் மற்றவர்கள் தங்கள் உழைப்புச் சக்தியை விற்றே தீர வேண்டியிருக்கும் அந்த உறவை ஒழிப்பதையே சொன்னார்கள். பிரான்சிஸ் உடைமையாளருக்குக் கடமை சுமத்துகிறார். மார்க்ஸ் அந்த உடைமை உறவே போக வேண்டும் என்கிறார்.

இருவரும் மிக நெருங்கி வரும் இடம் பணத்தைப் பற்றிய பேச்சு. பழைய ஏற்பாட்டில் மக்கள் தாங்களே செய்து வணங்கிய பொற்கன்றுக்குட்டி, முகமில்லாத பொருளாதாரத்தின் சர்வாதிகாரமாகப் புது வடிவம் எடுத்திருக்கிறது என்று பிரான்சிஸ் எழுதினார். மனிதன் செய்த ஒன்று, மனிதனையே மண்டியிட வைக்கிறது. மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில் பண்டங்களின் மாயத்தை விளக்க வரும்போது, இதற்கு ஒப்புமை தேட மத உலகின் பனிமூட்டத்துக்குள்தான் போக வேண்டும் என்கிறார். அங்கே மனித மூளையில் பிறந்தவை உயிர் பெற்று, தனித்து நடமாடுகின்றன. சந்தையில் மனிதக் கையால் செய்த பொருள்களும் அப்படியே நடந்துகொள்கின்றன. ஒருவர் அதைப் பாவம் என்கிறார். மற்றவர் பண்ட உற்பத்தி இருக்கும் வரை விலகாத தோற்றம் என்கிறார். பார்த்த காட்சி ஒன்றுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். 2013 மடலில் இன்னொரு பகுதி இருக்கிறது. இன்று நடப்பது வெறும் சுரண்டலோ ஒடுக்குமுறையோ மட்டும் கிடையாது, புதிதாக ஒன்று என்கிறார் பிரான்சிஸ். வெளியே தள்ளப்பட்டவர்கள் சமுதாயத்தின் அடித்தட்டில்கூட இல்லை, அவர்கள் சமுதாயத்தின் பகுதியாகவே இல்லை. அவர்கள் சுரண்டப்படுபவர்கள் அல்லர், மிச்சம் மீதி, கழிவு என்று எழுதுகிறார்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிய 2001 டிசம்பர் புவெனஸ் ஐரிஸுக்குப் போக வேண்டும். வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. தெருவில் கலவரம். அதிபர் தே லா ருவா பதவி விலகி ஹெலிகாப்டரில் மாளிகையை விட்டுப் போனார். அரசு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தது. அடுத்த ஆண்டில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாட்டின் நாணயமான பெசோவின் மதிப்பு சரிந்ததும் இறக்குமதிக் காகிதம் விலையேறியது. பழைய அட்டைக்குக் கிராக்கி வந்தது. வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில், குடும்பம் குடும்பமாக, சாயங்காலத்தில் தள்ளுவண்டியோடு நகரத்துக்கு வந்து குப்பைப் பைகளைப் பிரித்து அட்டை பொறுக்கினார்கள். கார்த்தோனேரோ என்று அவர்களுக்குப் பெயர். அவர்களுக்குச் சங்கம் அமைக்கும் வேலை நடந்தபோது பேராயர் பெர்கோலியோ கூடவே நின்றார். கோன்ஸ்தித்துசியோன் சதுக்கத்தில் அவர்களோடும், திருட்டுத்தனமாக நடக்கும் தையல் பட்டறைகளில் அடைபட்டு உழைத்தவர்களோடும் திறந்தவெளித் திருப்பலி வைத்தார். 1813இல் நம் நாட்டில் அடிமைமுறை ஒழிந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், இந்த நகரத்தில் அது ஒழியவில்லை என்று அங்கே பேசினார். 2013 மார்ச்சில் ரோமில் அவருடைய தொடக்கத் திருப்பலியில் சிறப்பு விருந்தினர்களில் ஒருவர் அட்டை பொறுக்கும் தொழிலாளி.

இதே ஆளை மார்க்ஸ் எப்படிப் பார்த்தார்? 1852இல் பிரான்சில் லூயி போனபார்ட் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றி எழுதும்போது, அவனுக்குக் கூலிப் படையாகப் போன பாரிஸ் உதிரிப் பாட்டாளிகளின் பட்டியல் ஒன்றைக் கொடுக்கிறார். நாடோடிகள், பிக்பாக்கெட்டுகள், சூதாடிகள், பிச்சைக்காரர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் கந்தல் பொறுக்குபவர்களும் இருக்கிறார்கள். புரட்சிக்கு உதவாத, காசு கொடுத்தால் எந்தப் பக்கமும் சாயக்கூடிய கூட்டம் என்பது அவர் தீர்ப்பு. பெர்கோலியோ திருப்பலி வைத்தது அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் பேரப்பிள்ளைகளோடு என்றே சொல்லலாம்.

மார்க்ஸுக்கு அநியாயம் செய்யக் கூடாது. பதினைந்து ஆண்டு கழித்து ‘மூலதன’த்தில் அவர் வேலையில்லாதவர்களை வேறு விதமாகப் பார்க்கிறார். அங்கே அவர்கள் தொழில்துறையின் சேமப் பட்டாளம். வாசலுக்கு வெளியே ஆள் காத்திருப்பதால்தான் உள்ளே இருப்பவன் குறைந்த கூலிக்கு வாய் மூடி உழைக்கிறான். அவர்களிலும் கடைக்கோடியில் இருப்பவர்களைத் தொழிலாளி வர்க்கத்தின் லாசர் அடுக்கு என்கிறார். லூக்கா நற்செய்தியில் பணக்காரன் வீட்டு வாசலில் புண்களோடு கிடந்த அந்த ஏழை லாசர்தான். இந்த இடத்தில் மார்க்ஸ் பிரான்சிஸைத் திருத்துவார். யாரும் வெளியே இல்லை, வெளியே நிறுத்தப்படுவதே இந்த அமைப்பில் ஒரு வேலை என்பார். பொறுக்கிய அட்டை எங்கே போகிறது என்று கேட்டாலே அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும்: அட்டை இடைத்தரகர் வழியாகக் காகித ஆலைக்குப் போகிறது, ஆலை லாபம் பார்க்கிறது. தன்னைக் கழிவாக்கிய பொருளாதாரத்துக்கே அந்தக் குடும்பம் மூலப்பொருள் கொடுக்கிறது. ‘சுரண்டப்படுபவர்கள் அல்லர்’ என்று பிரான்சிஸ் எழுதியது அவர்களுடைய அவமானத்தைச் சரியாகச் சொல்கிறது, அவர்களுடைய பொருளாதாரத்தைச் சரியாகச் சொல்லவில்லை.

ஆலைக்குள் இருக்கும் தொழிலாளியிடம் ஒரு பலம் உண்டு. அவன் கையை மடக்கிக்கொண்டால் உற்பத்தி நின்றுவிடும். மார்க்ஸின் அரசியல் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. தூக்கி எறியப்பட்டவரிடம் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை என்று தோன்றுகிறது. அதனால்தான் பிரான்சிஸின் பேச்சு அடிக்கடி மனசாட்சியை நோக்கிப் போகிறது: வணிகனின் மனசாட்சி, அரசியல்வாதியின் மனசாட்சி.

2017 மே மாதம் ஜெனோவாவில் இல்வா எஃகு ஆலைக்குப் போனார். அப்போது நிறுவனம் அரசு நியமித்த நிர்வாகிகள் கையில், புதிய உரிமையாளருக்காகக் காத்திருந்தது. வேலை நிலைக்குமா என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. நல்ல தொழில்முனைவோர் இல்லாமல் நல்ல பொருளாதாரம் இல்லை என்றார் பிரான்சிஸ். நல்ல முதலாளி தொழிலாளர்களை அறிவான், ஏனென்றால் அவர்களோடு சேர்ந்து உழைக்கிறான். ஊக வணிகம் செய்பவன்தான் நிறுவனத்தையும் ஆட்களையும் லாபத்துக்கான வெறும் கருவியாகப் பார்க்கிறான் என்றார். எல்லோருக்கும் வருமானம் என்பதைவிட எல்லோருக்கும் வேலை என்பதே இலக்கு என்றும் சொன்னார். (பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஈஸ்டர் அன்று, எல்லோருக்கும் ஓர் அடிப்படை ஊதியத்தைப் பற்றி யோசிக்கும் காலம் வந்திருக்கலாம் என்று மக்கள் இயக்கங்களுக்கு எழுதினார். வேலையைச் சட்டம் வேலையாகவே மதிக்காத தெருவோரத் தொழிலாளிகளை மனத்தில் வைத்து எழுதிய கடிதம் அது.)

மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முன்னுரையிலேயே இந்த வாசலைச் சாத்திவிடுகிறார். முதலாளியையும் நிலப்பிரபுவையும் தனி மனிதர்களாக நான் பார்க்கவில்லை, பொருளாதார உறவுகளின் உருவங்களாகவே பார்க்கிறேன், தன்னை உருவாக்கிய உறவுகளுக்குத் தனி மனிதனைப் பொறுப்பாக்க முடியாது என்கிறார். இரக்கமுள்ள முதலாளியையும் போட்டி விடாது. பக்கத்து ஆலை கூலியைக் குறைத்தால் இவனும் குறைக்க வேண்டும் அல்லது கடையைச் சாத்த வேண்டும். ஜெனோவாவின் ஆலைத் தளத்தில் நின்று பார்த்தால் இந்த வாதம் பலமாகவே தெரிகிறது. அந்தத் தொழிலாளிகளின் தலைவிதியை உலக எஃகு விலையும் வாங்க வரும் நிறுவனத்தின் கணக்கும்தான் தீர்மானிக்கும் நிலை. நல்ல மனம் வேண்டாம் என்பதில்லை. அதை நம்பி ஒரு பொருளாதாரத்தைக் கட்ட முடியுமா என்ற கேள்விக்குப் பிரான்சிஸின் எழுத்தில் எனக்குப் போதுமான பதில் கிடைக்கவில்லை.

இருவரும் பிரியும் இன்னொரு இடம், மோதலைப் பற்றியது. ஏழைகளின் விடுதலையை மையமாக வைத்து லத்தீன் அமெரிக்காவில் எழுந்த விடுதலை இறையியலில் ஒரு சாரார் வர்க்கப் போராட்டம் என்ற மார்க்சியப் பகுப்பாய்வை ஏற்றார்கள். 1984இல், பின்னாளில் போப் 16ஆம் பெனடிக்ட் ஆன ராட்சிங்கரின் தலைமையிலான வத்திக்கான் துறை அதைக் கடுமையாக எச்சரித்தது. அதற்கும் முன்பே, 1980 டிசம்பரில், இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே தன் சபையினருக்கு எழுதிய கடிதத்தில், மார்க்சியப் பகுப்பாய்வில் சிலவற்றை எடுத்துக்கொள்ளலாம், முழுவதுமாக ஏற்க முடியாது என்றார். பிரான்சிஸ் அர்ஜென்டினாவில் வளர்ந்த மக்கள் இறையியலைச் சேர்ந்தவர். லூசியோ ஜேரா, ஸ்கனோனே போன்றவர்கள் உருவாக்கிய அந்தப் பார்வையில் வர்க்கம் என்ற சொல்லின் இடத்தில் மக்கள் நிற்கிறார்கள்: அவர்களுடைய பண்பாடு, திருவிழா, எளிய பக்தி எல்லாவற்றோடும். அர்ஜென்டினாவின் முன்னாள் அதிபர் பெரோன் பெயரால் வழங்கும் பெரோனிய அரசியலின் சாயல் அதில் உண்டு. மோதலை மறைக்கக் கூடாது, ஆனால் ஒற்றுமை மோதலைவிடப் பெரியது என்பது பிரான்சிஸ் வகுத்த கோட்பாடுகளில் ஒன்று. மார்க்ஸுக்கு மோதல்தான் வரலாற்றை நகர்த்துவது.

2015 ஜூலையில் பொலிவியாவில் இந்த எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் சந்தித்தன. அதிபர் ஏவோ மொராலெஸ், அரிவாள் சுத்தியலின் மேல் கிறிஸ்து அறையப்பட்ட சிலுவை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். 1980இல் கொல்லப்பட்ட இயேசு சபை அருள்பணியாளர் லூயிஸ் எஸ்பினால் செய்த வடிவத்தின் நகல் அது. போப் அவமதிக்கப்பட்டார் என்று பலர் கொதித்தார்கள். திரும்பும் விமானத்தில் பிரான்சிஸ் நிதானமாகப் பேசினார்: எஸ்பினால் வாழ்ந்த காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும், அதை எதிர்ப்புக் கலையாகப் புரிந்துகொள்கிறேன், எனக்கு அது அவமதிப்பாகப் படவில்லை. அருப்பேயின் கடிதத்தையும் அங்கே நினைவுபடுத்தினார்.

அதே பயணத்தில் சாந்தா குரூஸ் நகரில், அட்டை பொறுக்குபவர்கள், நிலமற்ற விவசாயிகள், தெருவோர வியாபாரிகள் கூடிய மக்கள் இயக்கங்களின் மாநாட்டில், நிலம், வீடு, வேலை மூன்றும் புனித உரிமைகள் என்றார். மனிதகுலத்தின் எதிர்காலம் பெரிய தலைவர்கள், வல்லரசுகள் கையில் மட்டும் இல்லை, மக்கள் கையிலும் அவர்கள் ஒன்றுதிரளும் திறமையிலும்தான் அடிப்படையில் இருக்கிறது என்றார். மனசாட்சியை நோக்கிய வேண்டுகோளைத் தாண்டிய பேச்சு இது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இது வெறும் ஆறுதலாகவும் இருக்கவில்லை. 2002 டிசம்பரிலேயே, அட்டை பொறுக்குவதை நகரத் துப்புரவுச் சேவையின் பகுதியாக அங்கீகரிக்கும் சட்டத்தைப் புவெனஸ் ஐரிஸ் நகரம் கொண்டுவந்தது. பிறகு கூட்டுறவுகள் வளர்ந்தன. உதிரிகள் என்று மார்க்ஸ் ஒதுக்கியவர்கள் தங்கள் கையில் ஒரு நெம்புகோல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்: நகரத்தின் குப்பை. ஆலைத் தொழிலாளிக்கு உற்பத்தி எப்படியோ, அவர்களுக்கு அது. மார்க்சியர்கள் பிரான்சிஸிடமிருந்து கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றால் இதைத்தான் சொல்வேன்.

கற்க விருப்பமும் இருந்தது. ஐரோப்பாவில் மார்க்சியர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நடத்தும் தியாலோப் என்ற உரையாடல் குழுவை 2024 ஜனவரியில் வத்திக்கானில் சந்தித்து, பழகிய அச்சுகளை உடைக்கும் துணிச்சல் வேண்டும் என்று பிரான்சிஸ் ஊக்கப்படுத்தினார். 1949 ஆணையிலிருந்து இது வெகு தூரம்.

2025 ஏப்ரலில் அவர் மறைந்தார். அடுத்து வந்த ராபர்ட் பிரிவோஸ்ட், லியோ என்ற பெயரைத் தேர்ந்ததற்கு 13ஆம் லியோவின் 1891 மடலையே காரணமாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு இன்னொரு தொழிற்புரட்சி, மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் அது விடும் சவாலுக்குத் திருச்சபை பதில் சொல்ல வேண்டும் என்றார். பிரான்சிஸ் தொடங்கிவைத்து லியோ முடித்த ‘திலெக்ஸி தே’ மடல் அக்டோபரில் வந்தது. கொல்லும் பொருளாதாரம் என்ற சொல் அதிலும் இருக்கிறது. வறுமையை உண்டாக்கும் பாவக் கட்டமைப்புகள் என்றும், மக்கள் இயக்கங்கள் என்றும் பேசுகிறது. தனி மனித மனத்தைத் தாண்டி அமைப்பைப் பார்க்கும் திசை இது. ஆனால் இந்தப் புதிய இயந்திரங்கள் விஷயத்தில், வேலை போனவரைக் கைவிடக் கூடாது என்று சொல்வதோடு நிறுத்த முடியாது. அவை யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்று 1891 மடலும் மார்க்ஸும் நேர் எதிராகப் பதில் சொன்ன அந்தக் கேள்விக்கு, ஒரு லியோவின் பெயரை எடுத்துக்கொண்ட இந்த லியோ தன் பதிலைச் சொல்லியாக வேண்டும்.